முதற் படம் எங்கே?

நுரையீரற் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் ஒருவர் இருக்கிற வீட்டுக்கு வருவோர் போவோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "மருந்து பிடிக்குதாமா?" இதற்கு வெளியிலிருந்து பதில் சொல்வது கடினம். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாம். புண் என்றால் ஆறுகிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காணலாம். நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் கட்டி சுருங்குகிறதா, வளர்கிறதா என்பது நோயாளிக்கே தெரியாது. மருந்து பிடிக்கும்போதும் ஆள் மெலிகிறார், முடி கொட்டுகிறது, சோறு இறங்குவதில்லை. பிடிக்காதபோதும் அதேதான். ஆகவே வைத்தியர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, மருந்து பிடிக்குமா என்பதைப் படத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பவை பற்றியே இக்கட்டுரை. இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா, அதாவது உம்மாவின் மூத்த சகோதரர், நெளுக்குளத்தில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் இருந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இளம் வயதிலிருந்தே பீடி குடிப்பார். 2019 செப்டெம்பரில் இருமும்போது இரத்தம் வந்தது. சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு கட்டி இருந்தது. ரிப்போட்டில் அதன் அளவு 46 மில்லிமீற்றர். சத்திரசிகிச்சை செய்ய முடியாத கட்டம் என்று சொல்லி, மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ தொடங்கினார்கள்.

அந்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம். வடக்கில் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாடசாலை விடுமுறை வேறு. எனக்குப் பதினொரு வயது. கிரகணம் பார்க்கக் கறுப்புப் பிலிம் வேண்டும் என்று ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தேடினார்கள். மாமி வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய உறை இருந்தது எனக்குத் தெரியும். அதற்குள் நல்ல கறுப்பான, பெரிய பிலிம் இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கத்தரிக்கோலால் பாதியை வெட்டி, ஆறு துண்டாக்கி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். (இந்த இடத்தில் தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே பிலிமோ ஸ்கேன் பிலிமோ கிரகணம் பார்க்கப் பாதுகாப்பானது அல்ல. விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்தாலும் அந்நேரம் தெரியாது. எங்களுக்கு ஒன்றும் ஆகாதது அல்லாஹ்வின் கிருபை.)

ஜனவரியில் மாமாவுக்கு இரண்டாவது ஸ்கேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அங்கே வைத்தியர் புதுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கையை நீட்டினாராம். "முதற் படம் எங்கே?" மாமி உறையைக் கொடுத்திருக்கிறா. உள்ளே பாதிப் படம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமி அழுதா. உம்மா என்னை அடிக்க வந்தா. மாமா கட்டிலில் சாய்ந்தபடி, "விடுங்க. ரிப்போட்டு இருக்குத்தானே" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கிரகணம் தெரிஞ்சதா மகள்?" என்று கேட்டார்.

ரிப்போட் இருந்தது உண்மைதான். அப்படியென்றால் படம் எதற்கு? அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் படிக்கும்போது, கிடைத்ததை எல்லாம் வாசித்து ஓரளவு விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

சி.ரி. ஸ்கேன் என்பது உண்மையில் படம் அல்ல. அது எண்களால் ஆன அட்டவணை. 1895இல் ஜேர்மனியில் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், நெஞ்சின் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வரும்போது, வழியில் உள்ள எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். விலா எலும்பின் பின்னால் கட்டி இருந்தால் எலும்பின் நிழல் அதை மறைத்துவிடலாம். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. என்ற கொம்பனியில் வேலை செய்த பொறியியலாளர் கோட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் இதற்கு வழி கண்டார். (இசைத்தட்டு விற்ற அதே ஈ.எம்.ஐ.தான்.) கதிரைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து, கணினியால் கணக்குப் போட்டால், உடலை வெட்டாமலே அதன் குறுக்குவெட்டைப் பெறலாம். 1971 ஒக்டோபர் முதலாந் திகதி இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முறையாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இதற்கான கணிதத்தைத் தனியே எழுதியிருந்த அலன் கோர்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

குறுக்குவெட்டின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்பர். நீருக்கு 0. வளிக்கு மறை 1000. எலும்புக்குப் பல நூறு. நுரையீரல் பெரும்பாலும் காற்று என்பதால் அதன் எண் மறைப் பக்கத்தில் ஆழமாக இருக்கும், படத்தில் கறுப்பாகத் தெரியும். கட்டி இழையத்தால் ஆனது. அதன் எண் நீரை விடச் சற்றுக் கூட. ஆகவே கறுப்பு வானத்தில் வெள்ளை மேகம் போல் தெரியும். ஒரு குறுக்குவெட்டில் பொதுவாக 512 வரிசை, 512 நிரல். அதாவது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள். ஒரு நெஞ்சுக்கு இத்தகைய குறுக்குவெட்டுகள் நூற்றுக்கணக்கில் எடுக்கப்படும்.

இத்தனை எண்களிலும் ரிப்போட்டில் எழுதப்படுவது எத்தனை? மாமாவின் ரிப்போட்டில் கட்டியைப் பற்றி இருந்த எண் ஒன்றே ஒன்று: 46.

அது தவறல்ல. உலகமெங்கும் வைத்தியர்கள் "மருந்து பிடித்தது" என்று ஒரே அர்த்தத்தில் சொல்ல ஒரு பொது அளவுகோல் வேண்டும். ரெசிஸ்ட் எனப்படும் விதிமுறை 2000இல் வந்து 2009இல் திருத்தப்பட்டது. அதன்படி 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளில் அதிகபட்சம் ஐந்தைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றினதும் மிக நீண்ட விட்டத்தை அளந்து கூட்டுவார்கள். மொத்தம் 30 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்து ஓரளவு பிடித்தது. 20 வீதமும் குறைந்தது 5 மில்லிமீற்றரும் கூடினால், அல்லது புதுக்கட்டி வந்தால், நோய் முன்னேறுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் "மாறாமல் இருக்கிறது".

மாமாவின் இரண்டாவது ஸ்கேனில் 38 மில்லிமீற்றர். எட்டு மில்லிமீற்றர் குறைவு, அதாவது 17 வீதம். ஆகவே "மாறாமல் இருக்கிறது" என்று எழுதப்பட்டது. எங்கள் வீட்டில் அதை "மருந்து பிடிக்கவில்லை" என்று விளங்கிக்கொண்டார்கள். நானும்தான்.

கடந்த வருடம் ஒரு நாள் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். கட்டி ஒரு கோளம் என்று வைத்துக்கொள்வோம். கோளத்தின் கனவளவு விட்டத்தின் மும்மடியோடு மாறும். 38ஐ 46ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.56 வருகிறது. அதாவது விட்டம் 17 வீதம் குறைந்தபோது, கட்டியின் கனவளவு கிட்டத்தட்ட 44 வீதம் குறைந்திருக்கிறது! பாதிக்கு அண்மையாகப் போன ஒன்றை நாங்கள் "மாறவில்லை" என்று அழுதிருக்கிறோம். விட்டம் 30 வீதம் குறைவதென்றால் கனவளவு சுமார் 66 வீதம் குறைவது. உண்மையான கட்டி கோளம் அல்ல, ஓரம் முட்களாக, ஒழுங்கற்று இருக்கும் என்பதால் என் கணக்கு அண்ணளவானது. ஆனாலும் அந்தக் கொப்பிப் பக்கத்தை உம்மாவிடம் காட்டினேன். உம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

இனி விட்டம் சொல்லாத விடயத்துக்கு வருவோம். இரண்டாவது படத்தில் கட்டியின் நடுப்பகுதி வெளிப்பகுதியை விடக் கறுப்பாக இருந்ததாம். கலங்கள் இறந்து நடுப்பகுதி அழிந்தால் அப்படித் தெரியலாம். அது மருந்தின் வேலையாக இருக்கலாம். அல்லது பெரிய கட்டியின் நடுப்பகுதிக்குக் குருதி போதாமல் முன்பே இறந்திருக்கலாம். எது என்று அறிய ஒரே வழி முதற் படத்தில் நடுப்பகுதி எப்படி இருந்தது என்று பார்ப்பதுதான். ரிப்போட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 46 என்ற எண் மட்டும் இருந்தது. நான் வெட்டிய பாதியில்தான் கட்டியின் நடுப்பகுதி இருந்திருக்கிறது.

வைத்தியர் யாரையும் ஏசவில்லை. ரிப்போட்டை வைத்து இன்னும் இரண்டு முறை அதே மருந்தை ஏற்றத் தீர்மானித்தார். படத்தை எடுத்த இடத்தில் கணினியில் பிரதி இருக்குமா என்று கேட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டியின் உட்புறத்தை வெறும் கண்ணால் "கறுப்பு", "வெள்ளை" என்று பார்ப்பதற்குப் பதிலாக எண்களாலேயே விபரிக்கலாம் என்ற எண்ணம் கடந்த பதினைந்து வருடங்களில்தான் வலுப்பெற்றது. இந்தத் துறைக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர். இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பாய். இரண்டு பாய்கள் இருக்கின்றன. இரண்டிலும் சம அளவு சிவப்பு ஓலையும் சம அளவு வெள்ளை ஓலையும். ஒன்றில் சிவப்பெல்லாம் ஒரு பக்கம், வெள்ளையெல்லாம் மறுபக்கம். மற்றதில் ஒன்றுவிட்டொன்றாகக் கட்டம் கட்டமாக இழைத்திருக்கிறது. நீளம், அகலம், ஓலையின் அளவு எல்லாம் ஒன்று. ஆனால் இரண்டும் ஒரே பாய் என்று எந்த மூத்தம்மாவும் சொல்லமாட்டா. இந்த வித்தியாசத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? "ஒரு சிவப்புக் கட்டத்தின் பக்கத்துக் கட்டம் எத்தனை தடவை சிவப்பு, எத்தனை தடவை வெள்ளை?" என்று எண்ணச் சொல்லலாம். முதற் பாயில் பக்கத்துக் கட்டம் பெரும்பாலும் அதே நிறம். இரண்டாவதில் ஒருபோதும் அதே நிறமல்ல. கட்டியில் நிறத்துக்குப் பதில் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். அவ்வளவுதான். இப்படி எண்ணி, வகைப்படுத்தி, கட்டியின் வடிவம், ஓரத்தின் ஒழுங்கு, உள்ளிழைவு எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கிறார்கள்.

ஏன் இதற்கு இவ்வளவு பாடு? கட்டியில் ஊசி குத்தி ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால் போதாதா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தப் பழமொழி சோற்றுக்குச் சரி. புற்றுக்கட்டிக்குச் சரிவராது. ஒரே கட்டியின் ஒரு மூலையில் உள்ள கலங்கள் மருந்துக்குச் சாகும், மறு மூலையில் உள்ளவை தப்பும். ஊசி எந்த மூலைக்குப் போனதோ அந்த மூலையின் கதையைத்தான் சொல்லும். படம் முழுப் பானையையும் பார்க்கிறது. ஊசித்துண்டு இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய் என்றே தீர்மானிக்க முடியாது என்பதால் இரண்டும் வேண்டும்.

2014இல் ஹியூகோ ஆர்ட்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 1019 பேரின் சி.ரி. படங்களிலிருந்து 440 இயல்புகளைக் கணித்து, அவற்றுக்கும் நோயாளிகள் உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு இருப்பதாக வெளியிட்டார்கள். பெரிய வரவேற்பு. ஐந்து வருடங்களின் பின் வேறு ஆய்வாளர்கள் அதே முறையை மீண்டும் சோதித்தார்கள். கட்டிக்குள் இருந்த எண்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டும் பார்த்தார்கள். அப்போதும் எதிர்வுகூறல் ஏறக்குறைய அதேயளவுக்குச் சரியாக வந்தது! அந்த இயல்புகளிற் பெரும்பகுதி உண்மையில் சொன்னது கட்டியின் கனவளவை மட்டுமே. உள்ளிழைவைப் படிப்பதாக நினைத்தவர்கள் பருமனைத்தான் படித்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மரியாதை வந்தது. பிழையைத் தேடிப் பார்த்து வெளியே சொல்லும் துறை வளரும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2019இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வந்தது. அதுவும் ஆர்ட்ஸின் குழுவே. மூன்றாம் கட்ட நுரையீரற் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் பெற்ற 179 பேர். சிகிச்சைக்கு முன் ஒரு படம். பின்னர் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதத்தில் எடுத்த படங்கள். மொத்தம் 581 ஸ்கேன்கள். இவற்றைக் காலவரிசைப்படி பார்த்து, இரண்டு வருடத்தின் பின் யார் உயிரோடு இருப்பார் என்று கூறக் கணினியைப் பழக்கினார்கள். திறனை 0.5 இலிருந்து 1 வரையான ஓர் எண்ணால் அளந்தார்கள். 0.5 என்றால் நாணயம் சுண்டுவது. 1 என்றால் எப்போதும் சரி. இரண்டு வருடம் வாழ்ந்த ஒருவரையும் வாழாத ஒருவரையும் முன்னே வைத்தால், எவர் எவர் என்று எத்தனை தடவை சரியாகப் பிரிக்கும் என்பதே இதன் பொருள். சிகிச்சைக்கு முந்திய படத்தை மட்டும் கொடுத்தபோது 0.58. ஏறக்குறைய நாணயம்தான். அடுத்தடுத்த படங்களைச் சேர்க்கச் சேர்க்க ஏறி, நான்கும் சேர்ந்தபோது 0.74.

ஆறு மாதம் கழித்துச் சொல்வதை எதிர்வுகூறல் என்று கூறலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முடிவு நெருங்க நெருங்கச் சொல்வது இலகுதானே! அந்தக் குறை உண்மை. ஆனாலும் அந்த எண்கள் சொல்லும் இன்னொரு விடயம் இருக்கிறது. தனியே ஒரு படம் அதிகம் பேசுவதில்லை. முன்னதோடு பின்னதை வைத்தால்தான் பேசுகிறது. வைத்தியர் கையை நீட்டி முதற் படத்தைக் கேட்டது வழக்கத்துக்காக அல்ல.

நிர்ப்பீடனச் சிகிச்சை வந்தபின் இது இன்னும் சிக்கலானது. இந்த மருந்துகள் புற்றுக்கலத்தை நேரே கொல்வதில்லை. எமது உடலின் வெண்குருதிக் கலங்களுக்குப் போடப்பட்டிருக்கும் தடையை அகற்றிவிடுகின்றன. பின்னர் அவை கட்டிக்குள் கூட்டமாகப் புகுகின்றன. வீட்டுக்குள் புகுந்த கள்ளனைப் பிடிக்க ஊரே உள்ளே ஓடினால், தெருவில் நிற்பவருக்கு வீட்டில் ஆள் கூடியதாகத்தானே தெரியும்? அதுபோலச் சிலருக்கு மருந்து பிடிக்கும்போதே படத்தில் கட்டி பெருத்துத் தெரியும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்குத்தான். பெரும்பாலும் பெருத்தால் பெருத்ததுதான். இதற்காக 2017இல் ரெசிஸ்ட் விதியில் தனி ஏற்பாடு செய்தார்கள். கட்டி பெருத்ததாகத் தெரிந்தால் உடனே மருந்தை நிறுத்தாமல், ஆளின் நிலை தாங்குமென்றால், நான்கிலிருந்து எட்டுக் கிழமைக்குள் மீண்டும் படமெடுத்து உறுதிப்படுத்த வேண்டும்.

எட்டுக் கிழமை என்பது வாசிக்கச் சிறிய சொல். அந்த மருந்து எவ்வளவு விலை, நோயாளியிடம் எவ்வளவு காலம் இருக்கிறது என்று யோசித்தால் பெரிய சொல். அதனால்தான் முன்கூட்டியே சொல்ல வழி தேடுகிறார்கள். மும்பைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து அமெரிக்கா சென்ற ஆனந்த் மதபூஷியின் குழு, 2020இல் இரண்டு நிறுவனங்களைச் சேர்ந்த 139 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்தது. நிர்ப்பீடனச் சிகிச்சைக்கு முன் ஒரு படம், இரண்டு மூன்று தடவை மருந்து ஏற்றியபின் ஒரு படம். கட்டியின் பருமனை அல்ல, உள்ளிழைவும் கட்டியைச் சூழ்ந்த பகுதியின் இழைவும் எவ்வளவு மாறின என்பதைக் கணித்தார்கள். அந்த மாற்றம் யாருக்கு மருந்து பிடிக்கிறது என்பதோடு பொருந்தியது. ஊசித்துண்டுகளில் வெண்குருதிக் கலங்கள் செறிந்திருந்த அளவோடும் தொடர்புபட்டது. கட்டியைச் சுற்றியுள்ள குருதிக்கலன்கள் எவ்வளவு வளைந்து நெளிந்திருக்கின்றன என்பதை வைத்தும் அக்குழு 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தாறுமாறாக வளைந்த கலன்கள் வழியே மருந்தும் போர்வீரர் கலங்களும் போய்ச் சேர்வது கடினம் அல்லவா?

சி.ரி. உருவத்தைக் காட்டுகிறது. பெட் ஸ்கேன் பசியைக் காட்டுகிறது. புற்றுக்கலங்கள் சாதாரண கலங்களை விட அதிகமாகக் குளுக்கோசை விழுங்கும் என்று ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார். குளுக்கோசு போன்ற ஒரு பொருளில் கதிரியக்கப் புளோரின் 18ஐக் கட்டி நாளத்தில் ஏற்றினால், பசித்த கலங்கள் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். மருந்து பிடித்தால், கட்டி சுருங்குவதற்கு முன்பே பசி குறையும். ஒளி மங்கும். ஆகவே பெட் ஸ்கேன் பல வேளைகளில் சி.ரி.யை விட முந்திச் செய்தி சொல்கிறது.

ஆனால் புளோரின் 18இன் அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடங்கள். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வாகனத்தில் ஐந்தரை மணித்தியாலம் என்று வையுங்கள். அது மூன்று அரை ஆயுட்காலம். புறப்பட்டதில் எட்டில் ஒரு பங்குதான் வந்து சேரும். உயர்தரப் பௌதிகவியலில் வரும் கணக்குத்தான். அதனால் இந்தப் பரிசோதனை நோயாளியைத் தேடி வராது. நோயாளிதான் போக வேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் நாடு முழுவதும் பணம் சேர்த்தார்கள். தன் மகனுக்குப் புற்றுநோய் வந்தபின் கதீஜா பவுண்டேஷன் மூலம் அந்த முயற்சியைத் தொடங்கியவர் எம்.எஸ்.எச். முஹம்மத் அவர்கள். இலக்கு 20 கோடி ரூபாய். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்தார்கள், இலக்கைத் தாண்டிப் பணம் சேர்ந்தது. அதற்கு முன்னர் 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டைக் குறுக்கே நடந்து சேர்த்த பணத்தால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வடக்கிலுள்ள எத்தனையோ பேர் இன்று அங்கே போகிறார்கள்.

கணினியால் எதிர்வுகூறும் இந்த முறைகள் நாளை எங்கள் வைத்தியசாலைகளுக்கும் வரக்கூடும். அப்போது நான் கேட்க விரும்புவது ஒன்று. அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நுரையீரல்கள் யாருடையவை? பொஸ்டனில் படமெடுக்கப்பட்ட 179 பேரில் எத்தனை பேர் அரிசி ஆலைத் தூசியைச் சுவாசித்திருப்பார்கள்? எத்தனை பேர் பச்சை விறகு ஊதிச் சமைத்திருப்பார்கள்? எங்கள் பகுதி முதியோர் பலரின் நெஞ்சில் பழைய காசநோயின் தழும்பு இருக்கிறது. காசநோயும் நுரையீரலில் முடிச்சாகத் தெரியும். கொதிநிலையில் இருந்தால் பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். அத்தகைய நெஞ்சை ஒருபோதும் கண்டிராத கணினி, அதைக் கண்டதும் என்ன சொல்லும்? ஸ்கேன் இயந்திரம் மாறினாலே, குறுக்குவெட்டின் தடிப்பு மாறினாலே இழைவு எண்கள் மாறுகின்றன. நெஞ்சே வேறென்றால்? நல்ல முடிவு கிடைத்த ஆய்வுகளை இன்னோர் ஊரில், இன்னொரு மக்களிடம் சோதித்துப் பார்த்தபின்தான் நோயாளியின் மருந்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்தலாம். எங்கள் படங்களும் அந்தப் பாடத்துக்குள் போக வேண்டும் என்றால், முதலில் எங்கள் படங்கள் எங்கேயாவது இருக்க வேண்டும்.

இதில் பெற்றோருக்குப் பயன்படக்கூடிய சிறு விடயம் ஒன்று. கையில் தரப்படும் பிலிம் என்பது அந்த எண்களிலிருந்து அச்சடித்த ஒரு தோற்றம் மட்டுமே. நெஞ்சுக்கூட்டைக் காட்ட ஒரு வெளிச்சம், நுரையீரலைக் காட்ட ஒரு வெளிச்சம் என்று தெரிவுசெய்து அச்சடிப்பார்கள். உண்மையான எண்கள் கணினிப் பதிவில்தான் இருக்கும். ஆகவே ஸ்கேன் எடுக்கும்போது சீடியில் பிரதி கேளுங்கள். பிலிமையும் மடிக்காமல், வெயில் படாமல், எந்தத் திகதியில் எடுத்தது என்று உறையில் எழுதி வையுங்கள். புதுப் படம் வந்துவிட்டதே என்று பழையதை எறியாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது எல்லாவற்றையும் கொண்டு போங்கள், பாரமாக இருந்தாலும்.

மாமா இன்னும் இரண்டு முறை மருந்து ஏற்றினார். பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. போக்குவரத்து நின்றது. கிளினிக் தள்ளிப்போனது. 2021இல் நோன்பு தொடங்க முன்னர் மாமா வஃபாத்தானார். அந்தப் பாதிப் படம் முழுதாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அநேகமாக மாறியிராது. அன்று இருந்த மருந்துகள் அவைதான். ஆனால் "பிடிக்குதா?" என்ற கேள்விக்கு மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் தெளிவான பதில் கிடைத்திருக்கும். கேட்டவர் அவர். பதில் அவருக்கு உரியது.

எஞ்சிய பாதி இப்போது என்னிடம் இருக்கிறது. மாமிதான் தந்தா. சென்ற கிழமை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிறு சிறு சதுரங்களாகக் குறுக்குவெட்டுகள். தோள்மூட்டு தெரிகிறது. மூச்சுக்குழாய் வட்டமாகக் கறுப்பாக இருக்கிறது. கடைசி வரிசையில், நான் வெட்டிய விளிம்புக்கு மேலே, வலது நுரையீரலில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தொடங்குகிறது. கட்டியின் மேல் நுனி அது. மூலையில் திகதி இருக்கிறது: 2019 செப்டெம்பர்.